கதைக்குள் ஒரு பையன்

"அக்கா, நல்ல அனிமே ஒண்ணு சொல்லுங்க" என்று வந்து நிற்கிற பிள்ளைகளிடம் நான் முதலில் ஒரு கேள்வி கேட்பேன். உயிருக்கு உயிரான சேக்காளி என்று உனக்கு யாராவது இருக்கிறாளா? இருக்கிறாள் என்றால் உட்காரச் சொல்லி விவரமாகப் பேசுவேன். இல்லை என்றால் வாள், பேய், பந்தயம் என்று ஏதாவது ஒரு சண்டைக் கதையைச் சொல்லி அனுப்பிவிடுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு வேலை. பஸ் பாஸுக்கும் சர்டிபிகேட்டுக்கும் வருகிற பெண்பிள்ளைகளுக்கு, இந்த ஆபீஸ் அக்கா பொம்மைப்படம் பார்க்கிறவள் என்று எப்படியோ தெரிந்துபோய்விட்டது. தலைமை ஆசிரியைக்கு மட்டும் இன்னும் தெரியாது.

எனக்குப் பிடித்தது ஒரே வகைதான். இரண்டு பெண்பிள்ளைகள். ஒரே வகுப்பு, அல்லது ஒரே தெரு, அல்லது ஒரே ரயில். அவர்களுக்குள் என்ன இருக்கிறது என்று கடைசி வரைக்கும் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஒருத்தி மற்றவளுக்காக வந்த ரயிலை விட்டுவிட்டு நிற்பாள். மற்றவள் புதிதாகச் சேர்ந்த யாரோடோ சிரித்துக்கொண்டு போவாள், அதை இவள் மாடிப்படியில் நின்று பார்ப்பாள். அவ்வளவுதான், ஒரு எபிசோட் முடிந்துவிடும். "ஒண்ணுமே நடக்கலையேக்கா" என்று மறுநாள் வந்து நிற்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மாடிப்படியில் நின்றவள் பையின் வாரை எப்படி முறுக்கிக்கொண்டு நின்றாள், பார்த்தாயா? பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நான் என்ன செய்யட்டும்?

ஒரு தொடர் உண்டு. மீன் சந்தையில் அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கிற ஒருத்தி, டாக்டர் மகள் ஒருத்தி. டாக்டர் மகளுக்கு அந்த வாடையே ஆகாது. சேக்காளியைப் பார்க்க வரும்போதெல்லாம் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வருவாள். பாதிக் கதை தாண்டி ஒரு நாள் வருவாள், கைக்குட்டை இருக்காது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச்சு வராது, படமும் அந்த இடத்தில் நிற்காது. அதைக் கவனித்துவிட்டு என்னிடம் ஓடிவந்து சொன்ன ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன். இந்த மாதிரிக் கதைகளுக்கு நான் போடுகிற நிபந்தனைகள் கொஞ்சம்தான். சப்டைட்டில் வாசிக்கிற அவசரத்தில் முகத்தை விட்டுவிடாதே. வேகத்தைக் கூட்டி ஓடவிடாதே, ஒருவரும் பேசாமல் சும்மா இருக்கிற நேரத்தில்தான் கதையே நடக்கிறது. முடிந்தால் தனியாகப் பார்க்காதே.

அம்மா இதற்கெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள். "வாரம் தவறாம சர்ச்சுக்குப் போற பிள்ள, வீட்டுக்கு வந்ததும் பொம்மப்படத்துல போயி விழுந்துருதா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பாள். சொல்லட்டும். இப்படி ஆள் பார்த்து, நிபந்தனை போட்டு, ஒரு கதையை ஒருத்தியிடம் ஒப்படைக்க நான் பழகியது ஒரு பேண்டேஜ் கம்பெனியில்தான். அங்கே ஒருத்திக்கு நான் சிபாரிசு செய்த ஒரு தொடரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கொரோனா ஊரடங்கு முழுவதும் நான் டிகிரிச் சான்றிதழை வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். போனும் நானும்தான். அப்போது பிடித்த பழக்கம்தான் இந்த அனிமே. ஊரடங்கு விலகியதும் ராஜபாளையம் பக்கத்துக் கம்பெனிகளில் ஆள் எடுத்தார்கள். வேறு வேலை கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கம்பெனி வேன் ஸ்ரீவில்லிபுத்தூரில் புறப்படும். அப்பா வன்னியம்பட்டியிலிருந்து பைக்கில் கொண்டுவந்து என்னை இறக்கிவிட்டுவிட்டு, அப்படியே தோட்டத்துக்குத் திரும்பிவிடுவார்.

வேலை கடினமில்லை. ஆபரேஷன் நேரத்தில் ரத்தம் ஒற்றுகிற மெல்லிய வலைத்துணியை மடித்து மடித்துக் கட்டாக்க வேண்டும். நீளமான டேபிள், இரண்டு பக்கமும் பெண்கள். தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க், கைக்கு உறை. போன் உள்ளே வரக் கூடாது, வாசலில் பெட்டியில் போட்டுவிட வேண்டும். துணிக்குள் ஒரு தலைமுடி விழுந்தாலும் மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துவிடும் என்பதால், ஹாலுக்குள் நுழையும் முன்னால் இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நின்று ஒருத்தி தொப்பியை ஒருத்தி சரிபார்க்க வேண்டும். காதோரம், நெற்றி, பிடரி. வெளியே தெரிகிற முடியை உள்ளே தள்ளிவிட வேண்டும். வந்து சேர்ந்த முதல் நாள் எனக்கு எதிரே யார் நின்றாளோ, அதற்கப்புறம் மாதக்கணக்கில் அவளேதான் நின்றாள்.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. வீட்டில் தெலுங்கு. அம்மாவிடம் போனில் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டே என்னிடம் தமிழில் சிரிப்பாள். ஆள் குட்டை, குரல் பெரிசு, முடி இடுப்பைத் தாண்டும். அதைச் சுருட்டித் தொப்பிக்குள் அடக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "மெதுவாட்டி, அது முடி, பஞ்சுப் பொதி இல்ல" என்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்தது. வெறுமனே பிடித்தது என்று சொன்னால் போதாது. அவள் லீவு போட்ட நாளில் எனக்கு வேன் ஏறவே மனசு வராது. அதற்கு என்ன பேர் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

எங்கள் டேபிளில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஒருத்தி கதை சொல்ல வேண்டும். பார்த்த சினிமா, டிவி சீரியல், தெருவில் நடந்த சண்டை, எதுவானாலும் சரி. கதை சொல்கிறவளுக்குக் கை மெதுவாகும் என்பதால், அவள் முன்னால் இருக்கிற துணியில் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துத் தங்கள் பக்கம் வைத்துக்கொண்டு மற்றவர்கள் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். சூபர்வைசர் கண்டுகொள்ள மாட்டார். கதை ஓடுகிற நாளில் வேலையும் ஓடும் என்று அவருக்குத் தெரியும். எங்கள் டேபிளின் பெரிய கதைக்காரி அவள்தான். டிரெய்லரை மட்டும் பார்த்துவிட்டு முழுப் படத்தையும் சொல்லுவாள். பிறகு படத்தைப் பார்த்தவர்கள் இவள் சொன்னதுதான் நன்றாக இருந்தது என்று வந்து சொல்லுவார்கள். நான் வாயே திறக்க மாட்டேன். எனக்குச் சொல்ல வராது.

காலையிலும் மாலையிலும் வேனில் கடைசி சீட்டு எங்களுடையது. என் போன், ஒரே ஹெட்போன், ஆளுக்கு ஒரு காது. டிரைவர் அண்ணன் முன்னால் பக்திப் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவார், நாங்கள் பின்னால் ஜப்பான் பேச்சைக் கேட்டுக்கொண்டு வருவோம். முதலில் அவளும் "என்னட்டி இது, எல்லாருக்கும் கண்ணு தட்டு மாதிரி இருக்கு" என்றுதான் கேலி பண்ணினாள். ஒரு வாரத்தில் அவளே, "போன நாள் விட்ட எடத்துலேர்ந்து போடு" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். ரயில்வே கேட் போட்டிருந்தால் வேனில் எல்லாரும் முனகுவார்கள். எங்களுக்குக் கொண்டாட்டம். செங்கோட்டை ரயில் மெதுவாகப் போகட்டும் என்று இருக்கும். ஆடிப்பூரத் தேர் சமயத்தில் வேன் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும், அந்த நாட்களில் இன்னும் செத்த நேரம் கூடுதலாகக் கிடைக்கும். மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கி நிற்கும், ஜன்னல் வழியாகக் காற்று அடிக்கும், அவள் தலை என் தோளில் இருக்கும்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார்கள். கோயம்புத்தூர் பக்கம், சொந்தமாகக் கடை, நல்ல குடும்பம். ஆவணியில் கல்யாணம். அதைச் சொன்னபோது அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன். கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அதை நான் கேட்கவில்லை. அவள் போவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது. எனக்குள் இருப்பது அவளுக்குள்ளும் இருக்கிறதா, இல்லை நான் மட்டும்தான் இப்படிக் கிறுக்குப் பிடித்துத் திரிகிறேனா? வாய்விட்டுக் கேட்க எனக்குத் தைரியமில்லை. அதனால் ஒரு தொடரை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்தி வாயாடி, ஒருத்தி நெட்டை. நெட்டை அதிகம் பேச மாட்டாள். ஊரில் இருந்த ஒரே சலூனை மூடிவிட்டார்கள், நீ வெட்டிவிடேன் என்று வாயாடி விளையாட்டாகக் கேட்கப் போய், நெட்டைதான் அவளுக்கு மாதாமாதம் முடி வெட்டிவிடுகிறாள். மொட்டைமாடி, ஒரு நாற்காலி, கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. வாயாடி எதையாவது பேசிக்கொண்டே இருப்பாள், பின்னால் கத்தரிக்கோல் சத்தம் கேட்கும். வெட்டி முடித்ததும் பிடரியில் ஒட்டியிருக்கிற முடியை நெட்டை வாயால் ஊதிவிடுவாள். ஊதிவிட்டு, தட்டிவிடுவதற்காகக் கையைக் கொண்டுபோவாள். தொடாமல் எடுத்துக்கொள்வாள். வாயாடியின் பேச்சு அந்த ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி தொடரும்.

வேனில் அந்த இடம் வந்தபோது நான் போனைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். அவள் கண் எடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில்வே கேட் திறந்து வேன் நகர்ந்தது. அந்தத் தொடரில் கடைசி எபிசோடைத் தவிர மற்றதை எல்லாம் சேர்ந்து பார்த்தோம். கடைசியை அவள் வேண்டாம் என்றுவிட்டாள். "நீ பாத்துட்டேல்ல, போதும். எனக்கு இப்ப வேண்டாம்" என்றாள்.

அடுத்த வாரம் டேபிளில் கதை கேட்டார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜப்பான்ல நடந்த கதை, கேக்கேளா?" என்று ஆரம்பித்தாள். எங்கள் கதையைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒரு கடக்கரை ஊரு. அதுல ஒரு பொண்ணு, என்னைய மாதிரி வாயாடி. அந்த ஊர்ல சலூன்காரர் மகன் ஒருத்தன் இருக்கான். நெட்டையா இருப்பான், வாயத் தொறக்க மாட்டான்" என்றாள்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. நெட்டைச்சியை நெட்டையன் ஆக்கிவிட்டாள்!

டேபிள் கதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. எங்கள் டேபிளின் தலைமாட்டில் இருப்பது செட்டியார்பட்டி அக்கா. வயது நாற்பதுக்குள் இருக்கும், கேள்வி கேட்காமல் ஒரு கதையையும் விட மாட்டாள். "பொம்பளப் பிள்ள எதுக்குட்டி சலூனுக்குப் போறா?" என்றாள்.

"ஜப்பான்ல போவாவக்கா."

"அது சரி. சலூன்காரர் மகன்னா பொண்ணு வீட்டுல சும்மா விடுவாவளா?"

இவள் அதையெல்லாம் யோசிக்கவே இல்லை. கேட்டதும் அந்த இடத்திலேயே வாயாடிக்கு ஒரு தாய்மாமனைப் பிறக்க வைத்தாள். மறுநாள் அந்த மாமன் கையில் அருவாள் வந்தது. ஜப்பானில் ஏது அருவாள்? ஒருத்தியும் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாள் மாமன் சலூனுக்கே ஷேவிங் பண்ண வந்து உட்கார்ந்தான், பையன் கையில் கத்தி, மாமன் கழுத்து அவன் முன்னால். டேபிளே மூச்சு விடவில்லை. இவள் துணியை மற்றவர்கள் போட்டி போட்டுக்கொண்டு மடித்தார்கள். நான் மட்டும் என் முன்னால் இருந்ததைக் கோணலும் மாணலுமாக மடித்து, சூபர்வைசரிடம் பேச்சு வாங்கினேன். மாடியில் முடி வெட்டுகிற இடத்தையும் ஊதிவிடுகிற இடத்தையும் மட்டும் அவள் படத்தில் வருகிறபடியே சொன்னாள். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக்கொண்டேன். "அவ எப்பட்டி பையன் ஆனா?"

"கதைதான. டேபிளுக்கு ஏத்த மாதிரி மாத்துறதுதான்" என்று சொல்லிவிட்டு என் டப்பாவிலிருந்து கருவாட்டை எடுத்தாள்.

டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "மாமனைச் சேத்துக்கோ, அருவாளைச் சேத்துக்கோ, என்னமும் பண்ணு. அவளை எதுக்கு மாத்துன? அவளை மாத்திட்டா அதுல மிச்சம் என்ன இருக்கு? ஆம்பளையும் பொம்பளையும் சேந்தா அதுக்கு ஊர்ல ஆயிரம் கதை கெடக்கு. நான் ஒனக்குக் கொடுத்தது அதுவா?"

அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டு அப்படியே போய்விட்டாள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு அது வெறும் கதை. நான்தான் ஏதோ நினைத்துக்கொண்டு வேன் சீட்டில் தோளைக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். அன்று சாயங்காலம் வேனில் டிரைவர் அண்ணனுக்குப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன். மறுநாள் காலையில் தொப்பி பார்க்க வேறொருத்தி முன்னால் போய் நின்றேன். அவளும் வேறொருத்தி முன்னால் நின்றாள். பேச்சுவார்த்தை நின்றுபோனது. கதை மட்டும் தினம் ஓடியது. பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நெட்டையனின் வீர தீரங்களைக் கேட்டுக்கொண்டு மடிப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது.

அவள் வேலையை விட்டு நிற்கிற நாள் வந்தது. டேபிளில் மிக்சர், கேக் எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். கதை இன்னும் முடியவில்லை. "ஏட்டி, அந்தப் பய என்ன ஆனான்னு சொல்லிட்டுப் போ" என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவள் என்னைக் கை காட்டினாள். "முடிவ நான் பாக்கல. அவளுக்குத்தான் தெரியும். அவ சொல்லுவா."

சாயங்காலம் வேனில் அவள் கடைசி சீட்டுக்குப் போகவில்லை. முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ பேச மாட்ட. நான் பேசுதேன், கேளு" என்றாள். பாட்டுச் சத்தத்துக்கு அடியில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அவ பிடரிய ஊதுனா பாரு, அப்ப ஒனக்கு என்ன இருந்துச்சோ அதேதான்ட்டி எனக்கும் இருந்துச்சு. அந்தக் கதைய உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியல, யார்கிட்டயாவது சொல்லணும்போல வந்துச்சு. ரெண்டும் பொம்பளப் பிள்ளைன்னு சொன்னா டேபிள்ல எல்லாரும் திரும்பி யாரப் பாப்பாவ? நம்ம ரெண்டு பேரத்தான் பாப்பாவ. நான் ஆவணியில போயிருவேன். நீ இங்கயே அந்த டேபிள்லதான இருக்கணும். அதான் மாத்துனேன்."

அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. பேசாமல் இருந்து வீணாகிப்போன அத்தனை வேன் பயணங்களையும் நினைத்து வயிறு எரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய பெரிய பையைத் தூக்கி மடிமேல் வைத்து இரண்டு கையையும் மறைத்துக்கொண்டோம்.

"பொறவு?" என்று கேட்டேன்.

"பொறவு என்ன பொறவு. அவிய நல்லவியளாத்தான் தெரியுது. போறேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "முடிவ நீ எப்படி வேணும்னாலும் சொல்லிக்கோ. பையனாவே வச்சுக்கோ, ஒனக்கு அதான் நல்லது" என்றாள்.

கல்யாணத்துக்குப் போனேன். மேடையில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை நிஜமாகவே நல்ல மாதிரி. எனக்கு ஜூஸ் வந்ததா என்று கேட்டார்.

கல்யாணம் முடிந்து வந்த திங்கட்கிழமை டேபிளில் அவள் இடம் இன்னும் காலியாகவே இருந்தது. செட்டியார்பட்டி அக்கா என் முன்னால் இருந்த துணியில் பாதியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். "ம், சொல்லு. பய என்ன ஆனான்?"

எனக்குக் கதை சொல்ல வராது என்றேன். யாரும் விடவில்லை. ஆரம்பித்தேன். வாயாடியின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது என்றேன். ஊரை விட்டுப் போவதற்கு முந்தின நாள் அவள் கடைசியாக ஒரு தடவை முடி வெட்டிக்கொள்ள மாடிக்கு வந்தாள் என்றேன். அதற்கு மேல், "அவன் கத்தரிக்கோலை எடுத்தான்" என்று சொல்ல வேண்டும். வாயில் வரவில்லை. அந்த நெட்டைச்சியை எனக்கு அவ்வளவு பிடிக்கும். அவளை விட்டுக்கொடுத்தால் இவளையும் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

"அது பையன் இல்லக்கா" என்றேன். "படத்துல அது பொம்பளப் பிள்ள. ரெண்டும் பொம்பளப் பிள்ளைங்கதான்."

தலையைத் தூக்காமல் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி எல்லாரும் என்னைத்தான் பார்க்கப் போகிறார்கள்.

"தெரியும்ட்டி" என்றாள் செட்டியார்பட்டி அக்கா. மடித்துக்கொண்டேதான் சொன்னாள். "எந்த ஆம்பளப் பய முடிய வெட்டிட்டு ஊதி விட்டுக்கிட்டு நிக்கான்? அவ அந்த எடத்தச் சொல்லும்போதே தெரிஞ்சுபோச்சு."

எதிரில் இருந்தவள் சிரித்தாள். "அவ சொல்லும்போது இவளையே பாத்துச் சொல்லுவா. மாஸ்க் போட்டா கண்ணும் மறைஞ்சிருமா?"

எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அருவாள் மாமனை ரசித்துக் கேட்டுக்கொண்டே, அந்தப் பையன் யார் என்பதையும் தெரிந்து வைத்துக்கொண்டு, கேள்வி மேல் கேள்வி கேட்டுக் கதையை வளர்த்துவிட்டிருக்கிறார்கள். எங்கள் சண்டைகூட அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருத்திகூட ஒரு வார்த்தை குத்திக்காட்டிப் பேசியதில்லை. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"மேல சொல்லுட்டி. வெட்டுனாளா, இல்லையா?" என்று அதட்டினாள் அக்கா.

சொன்னேன். வெட்டவில்லை. நெட்டை வாயாடியை நாற்காலியில் உட்காரவைத்து, துணி போர்த்தி, சீப்பால் வாரிவிடுகிறாள். கத்தரிக்கோல் சத்தம் எப்போதும் போலக் கேட்கிறது. ஆனால் முடியில் வைக்காமல் வெறும் காற்றில் வெட்டிக்கொண்டு நிற்கிறாள். வாயாடி பேசிக்கொண்டே மடியைப் பார்க்கிறாள். வெள்ளைத் துணியில் ஒரு முடிகூட விழவில்லை. அவளுக்குப் புரிந்துவிடுகிறது, கேட்கவில்லை. "நல்லா வெட்டியிருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். அவ்வளவுதான் கதை.

உறை போட்ட கையால் கண்ணைத் தொடக் கூடாது என்பதால் ஒருத்தி தோள்பட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அருவாளவிட இது கொடுமையா இருக்கே" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் பெட்டியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வேன் ஏறி, வழியில் அவளைக் கூப்பிட்டேன். வேன் ரயில்வே கேட்டில் நின்றிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"முடிவு சொல்லிட்டேன்."

"எப்படிச் சொன்ன?"

"பொம்பளப் பிள்ளைன்னே சொல்லிட்டேன்."

மூச்சை இழுத்துக்கொண்டாள். "ஏட்டி! என்ன சொன்னாவ? திட்டுனாவளா?"

"தெரியுமாம்ட்டி. எல்லாருக்கும் தெரியுமாம். நீ ஊதிவிடுற எடத்தச் சொல்லும்போதே தெரிஞ்சுபோச்சாம்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. ரயில் வந்து, ஜன்னலுக்கு வெளியே தடதடவென்று கடந்து போனது. அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் அவள் பேசினாள்.

"அப்போ நாம எதுக்குட்டி அம்புட்டு பயந்தோம்?"

தெரியவில்லை என்றேன். அவள் வீட்டில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "இந்தா வாரேன்" என்று அங்கே பதில் கொடுத்துவிட்டு, போனை வைக்காமல் அப்படியே இருந்தாள். நானும் வைக்கவில்லை.